வலது இருக்கையில் சாப்பாட்டுப் பை

அத்தியாயம் 14

கேப்டனுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. கேள்வியையும் அவரே கேட்பார், பதிலையும் அவரே சொல்லிவிடுவார்.

"ஜன்னல் சாத்தியாச்சா? சாத்தியாச்சு. கேஸ் அணைச்சாச்சா? அணைச்சாச்சு. சாவி? கையில இருக்கு."

வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள் என்று நினைத்து, வாசலுக்கு வந்த தபால்காரர் ஒருமுறை எட்டிக்கூடப் பார்த்திருக்கிறார்.

முதல் வாரத்திலிருந்து கூட வருகிறவர்களுக்கு இதன் காரணம் தெரியும். நடுவில் ஏறி உட்கார்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. மூன்றரை வருடத்துக்கு முன்னால் உலகத்து விமானங்களெல்லாம் ஒரேயடியாகத் தரையில் குந்தியபோது, நூற்றெண்பது பேரை ஏற்றிக்கொண்டு பறந்த நம் கேப்டனை நிறுவனம் கைகுலுக்கிக்கூட அல்ல, ஒரு மின்னஞ்சலில் வீட்டுக்கு அனுப்பியது. அப்புறம் கிடைத்த வேலைதான் இது. குளியலறைக் குழாய் செய்து விற்கும் ஒரு முதலாளியின் சொந்த விமானம். எட்டுப் பேர் உட்காரலாம். ஒரே விமானி போதும். வலது பக்க இருக்கையில் கேப்டனின் சாப்பாட்டுப் பைதான் பயணம் செய்யும்.

பெரிய விமானத்தில் ஒருவர் கேட்க வேண்டும், பக்கத்தில் இருப்பவர் பார்த்துச் சொல்ல வேண்டும். சாப்பாட்டுப் பை என்ன சொல்லும்? "எரிபொருள்?" என்று கேட்டுவிட்டு "சரி" என்று அவரே சொல்லிக்கொண்டார். "கதவு?" "சரி." மூன்றரை வருடம் இப்படியே ஓடியதில் அது வீட்டுக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது.

சென்ற வாரம் பழைய நிறுவனத்திலிருந்து கடிதம் வந்ததல்லவா? தேர்வுக்கு வரச் சொல்லி, தேறினால் பழைய பதவி என்று? அந்தத் தேர்வு இன்று மதியம் இரண்டு மணிக்கு.

காலை ஆறு மணிக்கு அவர் மனைவி கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து காலணிக்குள் காலை நுழைத்துக்கொண்டிருந்தாள். அவள் அதே விமான நிலையத்தில், பயணிகளின் பெட்டியை எடை பார்த்து அனுப்பும் கவுன்ட்டரில் இருக்கிறாள். கால் வீங்கியிருந்தது. காலணி போக மறுத்தது.

கேப்டன் அதைப் பார்த்தார். பாசம்தான், சந்தேகமே இல்லை.

"நான் சேர்ந்ததும் நீ வேலையை விட்டுடறியா? விட்டுடு. எத்தனை நாள்தான் இப்படி நிப்பே?"

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் தொப்பியைத் தேடிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவள் மேஜைமேல் இருந்த பழுப்பு நிற உறை ஒன்றை எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பத் தயாரானாள். கேப்டன் திரும்பி வரும்போது அந்த உறையின் ஓரம் பையிலிருந்து எட்டிப் பார்த்தது. ஏதோ அலுவலகத் தாள் என்று நினைத்துக்கொண்டார்.

தேர்வு நாளாயிற்றே, இன்று லீவு எடுத்திருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். அவருக்கும் தோன்றியது. ஆனால் குழாய் முதலாளியிடம் இந்தத் தேர்வைப் பற்றி மூச்சு விடவில்லை. ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் ஊரில் அவருடைய புதுத் தொழிற்சாலை. காலையில் போய்விட்டுப் பதினொரு மணிக்குள் திரும்பிவிடலாம் என்று முதலாளி சொன்னதை நம்பிக் கிளம்பினார்.

போகும்போது தொல்லை இல்லை. முதலாளி பின்னால் உட்கார்ந்து குறட்டை விட்டார். திரும்பும்போதுதான் பிடித்துக்கொண்டது. இயந்திரத்தைக் கிளப்ப அனுமதி கேட்டால், காத்திரு என்றது கட்டுப்பாட்டு அறை. இருபது நிமிடம் கழித்துக் கேட்டார். காத்திரு. மறுபடி கேட்டபோது, உங்களுக்கு முன்னால் ஏழு பேர் இருக்கிறார்கள் என்று எரிச்சலோடு ஒரு குரல் சொன்னது.

அந்தக் குரலை அவருக்குத் தெரியும். வானம் காலியாகக் கிடந்த நாட்களில் அதே குரல் அவரிடம் "சாப்பிட்டீங்களா கேப்டன்?" என்று விசாரித்திருக்கிறது. அப்போதெல்லாம் எங்கே வேண்டுமானாலும் நேர்க்கோட்டில் போகலாம். பேச ஆள் கிடைத்ததே என்று அவர்களும் பேசுவார்கள். ஓடுபாதையின் ஓரத்தில் பெரிய விமானங்கள் இயந்திரத்தின் வாயில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு வரிசையாக நிற்கும். அவற்றின் நடுவே தன் சின்ன விமானத்தை உருட்டிக்கொண்டு போகும்போது, உடம்பு சரியில்லாதவர்கள் படுத்திருக்கும் அறையில் நடப்பதுபோலக் கேப்டனுக்குக் கூச்சமாக இருக்கும். சக்கரத்துக்கு மேலே குருவி கூடு கட்டியிருந்ததைக்கூடப் பார்த்திருக்கிறார்.

இப்போது அந்தச் சிவப்புத் துணிகள் போய்விட்டன. எல்லாம் எழுந்து பறக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஆள் நிரம்பி வழிகிறது. சின்ன விமானம் யாருக்கு வேண்டும்? ஓரமாக நில் என்கிறார்கள்.

அவருக்கு அதில் வருத்தம் இல்லை. அவருடைய விமானங்கள்தானே அவை? ஆனால் விமானங்கள் திரும்பி வந்த அளவுக்கு ஆட்கள் திரும்பி வரவில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இயந்திரம் பார்த்தவர்களில் ஒருவர் சலவைக் கடை வைத்துவிட்டார். மூட்டை ஏற்றியவர்கள் வேறு எங்கோ மூட்டை ஏற்றுகிறார்கள். பாதி ஆள் முழு வேலையைச் செய்துகொண்டிருந்தது. கட்டுப்பாட்டு அறையின் குரலில் இருந்த எரிச்சல் அந்த எரிச்சல்தான்.

முதலாளி விழித்துக்கொண்டார். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். அவர்களைத் தாண்டி ஒரு பெரிய விமானம் நிதானமாக உருண்டு போனது.

"இந்த ஊருக்கு இப்ப தினமும் மூணு தடவை விடறாங்களாம் கேப்டன். அவனெல்லாம் போயிட்டே இருக்கான், நாம உட்கார்ந்துட்டே இருக்கோம். இதை வித்துட்டு டிக்கெட் எடுத்தே போயிடலாமான்னு பார்க்கறேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் சிரித்துக்கொண்டே சொன்னது எதுவும் இதுவரை நடக்காமல் போனதில்லை. இன்றைய தேர்வு கைவிட்டால் இந்த வலது இருக்கையும் சாப்பாட்டுப் பையும்கூட மிஞ்சாது.

அவர்கள் தரையிறங்கும்போது மணி பன்னிரண்டு ஐம்பது. இறங்குவதற்கு முன்னால் வானத்தில் ஐந்து சுற்று. முதலாளியை வழியனுப்பிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கேப்டன் பயணிகள் நிலையத்துக்குள் ஓட்டமும் நடையுமாக நுழைந்தார். தேர்வு நடக்கும் கட்டடம் அதற்குப் பின்னால் இருந்தது.

நிலையத்துக்குள் எள் போட இடமில்லை. ஒன்பது கவுன்ட்டர்களில் நான்கில்தான் ஆள். அவர் மனைவிக்கு முன்னால் நின்ற வரிசை வளைந்து வளைந்து கதவு வரைக்கும் போயிருந்தது. எடை கூடிய பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் தரையில் உட்கார்ந்திருந்தது. எதை எடுப்பது என்று அவர்களுக்குள் சண்டை. அவள் அதையும் பார்த்துக்கொண்டு, அடுத்தவருக்கு வழியும் சொல்லிக்கொண்டு, ஒரு காலிலிருந்து மறு காலுக்கு உடம்பை மாற்றி மாற்றி நின்றாள். அவள் கைவேலையில் மட்டும் ஒரு தடுமாற்றமும் இல்லை. பக்கத்து மூன்று கவுன்ட்டர்காரர்களும் சந்தேகம் வந்தால் அவள் முகத்தைத்தான் பார்த்தார்கள். கேப்டன் அதைக் கவனிக்கவில்லை. மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் அவரைப் பார்த்ததும் இரண்டு விரலைக் காட்டி வரிசையை நிறுத்திவிட்டு ஓரமாக வந்தாள். கைப்பையிலிருந்து அவருடைய பழைய கழுத்துப் பட்டையை எடுத்தாள். அவர் மறந்துவிட்டு வந்தது. காலையிலேயே எடுத்து வைத்திருக்கிறாள். அதோடு சேர்ந்து அந்தப் பழுப்பு உறையும் பாதி வெளியே வந்தது. அவள் அதை உள்ளே தள்ளவில்லை. பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, ஒரு நிமிஷம்..."

"சாப்பிட்டேனான்னு தானே? சாப்பிட்டேன். நேரமாச்சு, வரேன்."

சாப்பிடவில்லை. சாப்பாட்டுப் பை தோளில் கனத்தது.

தேர்வுக் கூண்டு என்பது தரையில் நின்றபடியே பறக்கும் விமானம். உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டால் நிஜத்துக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. மேகம் வரும், மழை வரும், வயிற்றைக் கலக்கும். வாசலில் அவருடைய மைத்துனன் காத்திருந்தான். மனைவியின் தம்பி. இதே நிறுவனத்தில் துணை விமானி. ஒரு வருடத்துக்கு முன்பே அவனைத் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து பறந்துகொண்டே இருக்கிறான். சுவரில் சாய்ந்தால் போதும், நின்றபடியே தூங்கிவிடுவான். அத்தானுக்குத் தெரிந்த ஆள் பக்கத்தில் இருந்தால் தைரியமாக இருக்குமே என்று, ஓய்வு நாளை விட்டுக்கொடுத்து இந்தத் தேர்வுக்குத் துணையாக வந்திருந்தான்.

"அக்காவைப் பார்த்தீங்களா அத்தான்? ஏதாச்சும் சொன்னாளா?" என்று கேட்டான்.

"பார்த்தேன். என்ன சொல்லப்போறா, நல்லபடியா பண்ணுங்கன்னுதான்" என்றார் கேப்டன்.

மைத்துனன் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டான்.

கேப்டன் உள்ளே ஏறி இடது பக்கம் உட்கார்ந்தார். கை தானாகவே சாப்பாட்டுப் பையைக் கழற்றி வலது இருக்கையில் வைத்தது. பின்னால் ஏறிய மைத்துனன் உட்கார இடமில்லாமல் நின்றான். பிறகு பையை எடுத்துத் தன் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். பின்னால் தேர்வாளர் தொண்டையைக் கனைத்தார். கேப்டன் அசடு வழியச் சிரித்தார்.

முதல் ஒரு மணி நேரம் நன்றாகத்தான் போனது. கை எதையும் மறக்கவில்லை. குறுக்குக் காற்றில் இறக்கினார். மூடுபனியில் ஏற்றினார். தேர்வாளர் பெயருக்கு இரண்டு கேள்வி கேட்டுவிட்டுக் குறித்துக்கொண்டே இருந்தார். கேப்டனுக்கு உள்ளுக்குள் மெல்ல ஒரு சந்தோஷம் ஊறியது.

மூன்று மணிக்கு வலது இயந்திரத்தில் தீ.

மணி அலறியது. சிவப்பு விளக்கு எரிந்தது. இதற்கு ஒரு முறை இருக்கிறது. பதற்றத்தில் நல்ல இயந்திரத்தை அணைத்துவிட்டு, எரிகிற இயந்திரத்தோடு பறந்தவர்கள் உண்டு என்பதால் வந்த முறை. இதைத்தான் அணைக்கப்போகிறேன் என்று ஒருவர் கையை வைத்துச் சொல்ல வேண்டும். மற்றவர் கண்ணால் பார்த்து "சரி" என்று சொல்ல வேண்டும். அந்தச் சரி காதில் விழுந்த பிறகுதான் இழுக்க வேண்டும். ஒரு விநாடிதான் ஆகும். ஆனால் அந்த விநாடி காத்திருந்தே ஆக வேண்டும்.

"வலது இயந்திரம், தீ. அணைக்கிறேன். சரி" என்றார் கேப்டன், ஒரே மூச்சில்.

இழுத்துவிட்டார்.

சரியான கைப்பிடியைத்தான் இழுத்தார். தீ அணைந்தது. மணி நின்றது. விமானத்தைப் பூப்போலக் கொண்டுவந்து இறக்கினார். திரும்பிப் பார்த்தபோதுதான் மைத்துனனின் வாய் பாதி திறந்தபடி இருந்தது தெரிந்தது.

தேர்வாளர் விளக்கைப் போட்டார். அவரும் தூங்கி இரண்டு நாளான முகத்தோடு இருந்தார். பேனாவை மூடினார், திறந்தார்.

"அருமையா ஓட்டினீங்க கேப்டன். ஆனா தீ வந்தப்ப, அந்தச் சரியை யார் சொன்னது?"

கேப்டன் வாயைத் திறப்பதற்குள் மைத்துனன் முந்திக்கொண்டான். "நான்தான் சார். மெதுவா சொல்லிட்டேன். அத்தானுக்கு, கேப்டனுக்குக் கேட்டுது."

தேர்வாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இங்கே ஒலிப்பதிவு இருக்கிறது என்றார். போட்டுக் கேட்டால் தெரிந்துவிடும். ஆனால் தனக்கு இந்த மாதத்துக்குள் பதினேழு விமானிகள் வேண்டும், பதினோரு பேர்தான் தேறியிருக்கிறார்கள், இருக்கிறவர்களை வைத்து ஒப்பேற்ற முடியவில்லை என்றார். எனவே இவர்கள் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளத் தனக்கு ஒரு தடையும் இல்லை என்று சொல்லிவிட்டு, தாளைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

கேப்டனுக்கு உடம்பெல்லாம் அலுத்துவிட்டது. காலையிலிருந்து சாப்பிடவில்லை. குழாய் முதலாளியின் சிரிப்பு நினைவுக்கு வந்தது. ஒரு தலையசைப்புப் போதும், நாளையிலிருந்து தோளில் கோடு போட்ட சட்டை, தாளில் அச்சடித்த வேலை நேரம், நூற்றெண்பது பேர். மைத்துனன் அவரைப் பார்க்காமல் முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பொய் என்று தெரிந்தால் முதலில் போவது அவன் வேலை. நூற்றெண்பது பேரை ஏற்றிக்கொண்டு பறக்கும்போது என்றைக்காவது ஒரு நாள் இந்தக் கை தவறான பிடியில் இருந்தால், பக்கத்தில் இருப்பவன் வாயைத் திறக்க நேரம் கிடைக்குமா?

"அவன் சொல்லலை சார்" என்றார் கேப்டன். "சொல்ல நான் விடலை."

தேர்வாளர் பெருமூச்சு விட்டார். கோபமா, நிம்மதியா என்று தெரியவில்லை. தேறவில்லை என்று எழுதினார். மெதுவாகச் சொன்ன அந்தச் சரியைப் பற்றி எதுவும் எழுதவில்லை. வியாழக்கிழமை வேறொரு துணை விமானியோடு இன்னொரு முறை வரலாம், அதுதான் கடைசி என்றார். மூன்றரை வருடப் பழக்கத்தை மூன்று நாளில் எப்படி விடுவது என்று கேப்டன் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

வெளியே நடைபாதையில் மைத்துனன் சாப்பாட்டுப் பையை அவர் கையில் திணித்தான். அவன் கோபப்பட்டு அவர் பார்த்ததில்லை.

"உங்களுக்காக ஒரு பொய் சொன்னேன். அது வேணுமா வேண்டாமான்னுகூட நீங்களே முடிவு பண்ணிட்டீங்க."

"உன் வேலை போயிடும்டா."

"போகட்டும்னுதானே சொன்னேன். என்னைக் கேட்டீங்களா?" அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டான். "விடுங்க. நீங்க சொன்னதுதான் நியாயம், எனக்குத் தெரியாதா? ஆனா ஒண்ணு செய்யுங்க அத்தான். வீட்டுக்குப் போய் அக்காகிட்ட ஏதாச்சும் ஒண்ணு கேளுங்க. கேட்டுட்டு, அவ பதில் சொல்ற வரைக்கும் வாயை மூடிட்டு உட்காருங்க. ஒரே ஒரு தடவை."

சொல்லிவிட்டு அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்தான். கேப்டன் படி இறங்குவதற்குள் தூங்கிப் போயிருந்தான்.

ஆறு மணிக்கு அவர் வீடு வந்தபோது, மனைவி சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து, வெந்நீர் நிரப்பிய வாளிக்குள் இரண்டு காலையும் விட்டிருந்தாள். ஜன்னல் வழியே சாயங்கால வெயில் வந்தது. கேப்டன் எதையும் மறைக்காமல் சொன்னார். தீ, கைப்பிடி, தம்பி சொன்ன பொய், வியாழக்கிழமை எல்லாம். அவள் திட்டவில்லை. அதிர்ச்சிகூட அடையவில்லை. அடுப்பில் காபி சூடாக இருக்கிறது என்றாள்.

அவர் காபி எடுக்கவில்லை. எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"காலையில உன்னை ஒண்ணு கேட்டேன். பதிலையும் நானே சொல்லிட்டேன். இப்ப மறுபடியும் கேட்கறேன். வேலையை விட்டுடறியா?"

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை. நாக்கின் நுனியில் மூன்று பதில் வரிசையில் நின்றது. உனக்கு இஷ்டமில்லேன்னா வேண்டாம். கொஞ்ச நாள் பார்க்கலாம். கால் எப்படி இருக்கு? ஒவ்வொன்றையும் விழுங்கினார். வீட்டுக்கு மேலே ஒரு விமானம் போனது. அது போய் முடிந்து, பின்னாலேயே இன்னொன்றும் போனது. அவள் வாளித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நிஜமாகவே காத்திருக்கிறாரா என்று பார்க்கிறாளோ என்றுகூட அவருக்குத் தோன்றியது.

"இல்லை" என்றாள்.

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கைப்பையை இழுத்தாள். பழுப்பு உறை. ஓரமெல்லாம் மடங்கிக் கசங்கியிருந்தது. அதை அவர் கையில் கொடுத்தாள்.

"பதினோரு நாளா என்கிட்ட இருக்கு. வேற ஊர்ல இருக்கற நிலையத்துல மொத்த கவுன்ட்டருக்கும் என்னைப் பொறுப்பா வரச் சொல்லியிருக்காங்க. நாப்பது பேர் எனக்குக் கீழே. ரெண்டு வருஷம்."

கேப்டன் உறையைப் பிரிக்கவில்லை. அவளுக்கு இப்படி ஒரு கடிதம் வரும் என்று அவர் கனவில்கூட நினைத்ததில்லை. அது அவருக்கே வெட்கமாக இருந்தது. மதியம் பக்கத்து கவுன்ட்டர்காரர்களெல்லாம் அவள் முகத்தைப் பார்த்தது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"என்ன பதில் சொல்லப்போறே?" என்று கேட்டார். இந்த முறையும் காத்திருந்தார்.

"சொல்லிட்டேங்க."

அவள் குரலில் கோபம் இல்லை. களைப்பு மட்டும் இருந்தது.

"உங்களைக் கேட்டுட்டுத்தான் பதில் சொல்லணும்னு பத்து நாள் பார்த்தேன். இன்னிக்கு மத்தியானம் கவுன்ட்டர்ல வச்சாவது சொல்லிடலாம்னு எடுத்தேன். சாப்பிட்டேன்னு சொல்லிட்டுப் போயிட்டீங்க. மூணு மணிக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன். ஒண்ணாம் தேதி கிளம்பணும்."

மூன்று மணி. தீ மணி அலறிய நேரம்.

கேப்டன் உறையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மதியம் வலது பக்கம் பாதி திறந்திருந்த மைத்துனனின் வாய் அவர் கண்முன் வந்தது. அவர் வாயிலும் இப்போது ஒரு "சரி" வந்து நின்றது. அதை அவரிடம் யாரும் கேட்கவில்லை.